‘நானே வீடியோவுல பார்த்தேன்’ என்கிறோமே... உண்மையில் எதைப் பார்த்தோம்?

ஆபீஸில் டீ பிரேக். ஏதோ ஒரு சம்பவத்தைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது. ‘அப்படியெல்லாம் நடந்திருக்காதுப்பா’ என்று ஒருவர் இழுக்கிறார். இன்னொருவர் போனை எடுத்து நீட்டுகிறார். ‘என்ன நடந்திருக்காது? நானே வீடியோவுல பார்த்தேன். நீயே பாரு.’ அத்தோடு விவாதம் முடிந்துவிடுகிறது.

‘பேப்பர்ல படிச்சேன்’ என்று சொன்னால் ‘எந்தப் பேப்பர்?’ என்று கேட்போம். ‘யாரோ சொன்னாங்க’ என்றால் ‘யார் சொன்னது?’ என்போம். ஆனால் ‘வீடியோவுல பார்த்தேன்’ என்றால் மட்டும் கேள்வி வருவதில்லை. காரணம், அந்த வாக்கியத்தில் இருக்கும் ‘பார்த்தேன்’ என்ற சொல். நேரில் பார்த்ததற்கும் நாம் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம்.

இரண்டும் ஒன்றுதானா? திரையில் பார்த்ததை நம் மூளை ஏன் ‘நேரில் கண்டதாக’ எடுத்துக்கொள்கிறது? அதனால் என்ன ஆகிவிடப் போகிறது? இந்தியாவில் இந்தக் குழப்பத்தால் உயிர்கள் போயிருக்கின்றன. அதற்கு முன், ரொம்பச் சாதாரணமான ஓர் உதாரணத்தில் இருந்து தொடங்குவோம்.

எல்பிடபிள்யூ ரிவ்யூவில் தெரிவது வீடியோவா?

கிரிக்கெட் மேட்ச். பந்து பேட்ஸ்மேனின் பேடில் படுகிறது. பவுலர் அப்பீல் செய்ய, அம்பயர் அவுட் தர மறுக்கிறார். கேப்டன் ரிவ்யூ கேட்கிறார். பெரிய திரையில் பந்து பிட்ச் ஆகி, பேடைத் தொட்டு, அதையும் தாண்டிச் சென்று ஸ்டம்பில் மோதுகிறது. மைதானமே கத்துகிறது. ‘பாரு, ஸ்டம்புல பட்டுச்சு’ என்று நீங்களும் சொல்கிறீர்கள்.

படவே இல்லை. பந்து பேடில் பட்டதோடு நின்றுவிட்டது. அதன்பிறகு திரையில் ஓடியது கணினி போட்ட கணக்கு. மைதானத்தைச் சுற்றியுள்ள அதிவேக கேமராக்கள் பந்தின் பாதையைப் பேட் வரை அளக்கின்றன. அதற்கு அப்பால் இருப்பது முழுக்க கணிப்பு. ஆனால் அளந்த பகுதியும் கணித்த பகுதியும் ஒரே கோடாக, ஒரே அனிமேஷனாக வருவதால், எங்கே நிஜம் முடிந்தது, எங்கே கணக்கு தொடங்கியது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கணிப்பு என்றால் அதில் பிழைக்கு இடம் உண்டு. அதை விதிகளை வகுத்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ‘அம்பயர்ஸ் கால்’ என்ற ஏற்பாடு வந்தது அதனால்தான். பந்தின் பாதிக்கும் குறைவான பகுதி ஸ்டம்பை உரசுவதாகத் திரை காட்டினால், கள அம்பயர் முதலில் என்ன சொன்னாரோ அதுவே நிற்கும். அதாவது ஒரே பந்து, ஒரே கிராஃபிக்ஸ். அம்பயர் விரலைத் தூக்கியிருந்தால் அவுட், தூக்காவிட்டால் நாட் அவுட். ஒவ்வொரு சீசனிலும் ‘திரையிலேயே தெரியுதே, அப்புறம் என்ன அம்பயர்ஸ் கால்?’ என்று ரசிகர்கள் கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம், கணிப்பை நாம் காட்சியாக எடுத்துக்கொள்வதுதான்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தொழில்நுட்பம் பொதுவாக நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பெரும்பாலான திரைகளுக்குப் பொருந்தும் ஓர் உண்மையை இது தெளிவாகக் காட்டிவிடுகிறது. திரை நமக்குத் தருவது ஒருவகை சாட்சியம். நாம் அதை நம்முடைய சொந்தப் பார்வையாக வாங்கிக்கொள்கிறோம்.

ஒரே ஊர்வலம், இரண்டு அனுபவம்

இதை முதன்முதலில் கவனமாக ஆராய்ந்தவர்களில் கர்ட் லாங், கிளாடிஸ் லாங் என்ற அமெரிக்கச் சமூகவியல் தம்பதி முக்கியமானவர்கள். 1951 ஏப்ரல் மாதம். கொரியப் போரின் நடுவே பதவிநீக்கம் செய்யப்பட்ட ஜெனரல் மெக்ஆர்தருக்கு சிகாகோ நகரில் பிரம்மாண்ட வரவேற்பு. அப்போது தொலைக்காட்சி புதுசு. லாங் தம்பதி 31 பார்வையாளர்களை ஊர்வலப் பாதையின் வெவ்வேறு இடங்களில் நிறுத்தினார்கள். இன்னொரு பக்கம் டிவி ஒளிபரப்பையும் பதிவுசெய்து பார்த்தார்கள்.

டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது: நகரமே திரண்டிருக்கிறது, உற்சாகம் பொங்குகிறது, ஆரவாரம் ஓயவில்லை. தெருவில் நின்றவர்களுக்குக் கிடைத்தது: ரொம்ப நேரக் காத்திருப்பு, சில விநாடிகள் கார் கடந்துபோனது, அவ்வளவுதான். எதிர்பார்த்த அளவு கூட்டமோ பரபரப்போ இல்லை என்று பலர் குறிப்பிட்டார்கள். கேமரா தங்கள் பக்கம் திரும்பியபோது மக்கள் கையசைத்துக் கத்தியதையும் அவர்கள் கவனித்தார்கள்.

டிவி பொய் சொல்லவில்லை. காட்டிய ஒவ்வொரு காட்சியும் நிஜம். ஆனால் ஆரவாரம் எங்கே இருந்ததோ அங்கே மட்டும் கேமரா போனது. கேமரா போன இடத்தில் ஆரவாரமும் கூடியது. இரண்டும் சேர்ந்து, தெருவில் நின்ற யாருக்குமே கிடைக்காத ஓர் ஊர்வலத்தை வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்தன.

இன்று எந்தக் கட்சிக் கூட்டத்தின் ‘டிரோன் ஷாட்’டையும், எந்தக் கல்யாண வீடியோவையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். விஷயம் புரியும்.

கேமராவுக்கும் உங்களுக்கும் நடுவே யாரெல்லாம் முடிவெடுக்கிறார்கள்?

ஒரு காட்சி உங்கள் கைக்கு வருவதற்குள் குறைந்தது ஐந்து முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கும்.

முதலாவது, சட்டகம். எதை ஃபிரேமுக்குள் வைப்பது என்று முடிவு செய்யும்போதே எதை வெளியே தள்ளுவது என்பதும் முடிவாகிவிடுகிறது. கடற்கரையில் தனியாக நிற்கும் ஜோடியின் ரீலுக்கு வெளியே, அதே ஷாட்டுக்காக வரிசையில் நிற்கும் இன்னும் பத்து ஜோடிகள் இருக்கலாம்.

இரண்டாவது, லென்ஸும் தூரமும். தொலைவில் நின்று டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்தால், முன்னும் பின்னும் இருப்பவர்கள் ஒட்டி நிற்பதுபோல் தெரியும். பண்டிகைக் காலக் கடைவீதிப் படங்களில் தலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் இருப்பதன் ரகசியம் இதுதான். அதே கூட்டத்தை மேலிருந்து எடுத்தால் இடையில் உள்ள இடைவெளிகள் தெரிந்துவிடும்.

மூன்றாவது, வெட்டி ஒட்டுவது. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த சோதனை சினிமா மாணவர்கள் எல்லோருக்கும் பரிச்சயம். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகம். அதே ஷாட்டை ஒரு சூப் கிண்ணத்துக்குப் பக்கத்திலும், ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டினார்கள். முதலாவதில் பசியும் இரண்டாவதில் துக்கமும் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் நடிப்பைப் பாராட்டினார்களாம். முகம் மாறவே இல்லை. பக்கத்துக் காட்சிதான் மாறியது. உணர்ச்சியைச் சேர்த்தது பார்வையாளர்களின் மனம். ஒரு தலைவரின் சிரிப்பை ஒரு விபத்துக் காட்சிக்கு அடுத்து ஒட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நான்காவது, வேகம். செய்தி சேனல்களில் சிசிடிவி காட்சியைச் சிவப்பு வட்டம் போட்டு, ஸ்லோ மோஷனில், நாலைந்து முறை ஓட்டுவார்கள். ‘நல்லாத் தெரியணும்னுதானே?’ என்று தோன்றும். ஆனால் 2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வேறுமாதிரி இருந்தது. ஒரே துப்பாக்கிச்சூட்டுக் காட்சியைச் சிலருக்குச் சாதாரண வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள், ‘சுட்டவர் வேண்டுமென்றே, யோசித்துத்தான் செய்தார்’ என்று சொல்வது அதிகமாக இருந்தது. திரையில் காட்சி நீள்வதால், செய்தவருக்கும் யோசிக்க அவ்வளவு நேரம் இருந்ததுபோல நமக்குப் பட்டுவிடுகிறது. எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பதைத் திரையிலேயே காட்டியபோதும் இந்த விளைவு முழுதாக மறையவில்லை.

ஐந்தாவது, ஒலி. 2020 ஐபிஎல் நினைவிருக்கிறதா? கொரோனா காரணமாக ஐக்கிய அரபு அமீரகத்தில், காலி மைதானங்களில் நடந்தது. ஆனால் டிவியில் சிக்ஸருக்கு ஆரவாரம் கேட்டது. விக்கெட் விழுந்தால் ‘ஓ...’ என்ற சத்தம் எழுந்தது. எல்லாம் முன்பே பதிவுசெய்து ஒளிபரப்பில் சேர்த்த ஒலி. ஆள் இல்லை என்பது நமக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் மேட்ச் சப்பென்று இருந்திருக்கும். தெரிந்திருப்பது வேறு, உணர்வது வேறு. திரை பேசுவது பெரும்பாலும் இரண்டாவதோடுதான்.

பார்க்காததைப் பார்த்ததாக நினைவிருக்க முடியுமா?

முடியும். 1992 அக்டோபரில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பின்மீது விழுந்தது. மீட்புப் பணிகள், எரியும் கட்டடம் எல்லாம் டிவியில் நாள்கணக்கில் ஓடின. ஆனால் விமானம் மோதிய அந்தக் கணத்தை எந்த டிவி கேமராவும் பிடிக்கவில்லை. அப்படி ஒரு காட்சி ஒளிபரப்பாகவே இல்லை.

பத்து மாதம் கழித்து நெதர்லாந்து உளவியலாளர்கள் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ‘விமானம் மோதிய காட்சியை டிவியில் பார்த்தீர்களா?’ பதில் அளித்தவர்களில் 55 சதவீதம் பேர் ‘ஆமாம்’ என்றார்கள். பலர் விமானம் எந்தக் கோணத்தில் வந்தது, எப்போது தீப்பிடித்தது என்பதையும் விவரித்தார்கள்.

அவர்கள் பொய்யர்கள் இல்லை. கேட்டது, படித்தது, பிந்தைய காட்சிகளில் பார்த்தது, தாமே கற்பனை செய்தது எல்லாம் கலந்து ஒரே நினைவாகிவிட்டது. ஒரு விஷயம் நமக்கு நினைவிருக்கும். அது எங்கிருந்து வந்தது என்பது சீக்கிரம் மறந்துபோகும். உங்கள் நினைவில் உள்ள பெரிய சம்பவங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 2004 சுனாமியோ 2015 சென்னை வெள்ளமோ, அதில் எத்தனை நீங்கள் நின்று பார்த்தது, எத்தனை திரையில் பார்த்தது? பிரித்துச் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

இன்றைய ஃபீடு இந்தக் கலவையை இன்னும் வேகமாக்குகிறது. ஒரு மருத்துவமனைக் குண்டுவீச்சு, அடுத்து ஒரு பிரியாணி ரெசிபி, அடுத்து செயின் பறிப்பு சிசிடிவி, அடுத்து நாய்க்குட்டி. எது எந்த ஊர், எந்த ஆண்டு என்பது விரல் நகர்வதற்குள் மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரு பொதுவான உணர்வு மட்டும்: ‘காலம் ரொம்பக் கெட்டுப்போச்சு.’ தொலைக்காட்சியை அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தை இருப்பதைவிட ஆபத்தானதாக மதிப்பிடும் போக்கை அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1970களிலேயே சுட்டிக்காட்டினார். காரணம் எளிது. ஒன்றும் நடக்காமல் ஒரு தெரு அமைதியாக இருந்த நாளை யாரும் ரீல் போடுவதில்லை.

திரையில் வருபவர் தெரிந்தவர் ஆவது எப்படி?

1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வட இந்தியாவின் பல ஊர்களில் தெருக்கள் வெறிச்சோடின. குளித்துவிட்டு, டிவி பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றிவைத்துப் பார்த்தவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் அதன் தாக்கம் ஓட்டுப்பெட்டி வரை போனது. சீதையாக நடித்த தீபிகா சிக்லியாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991 மக்களவைத் தேர்தலில் குஜராத்தில் இருந்து வென்றார்கள். ராமராக நடித்த அருண் கோவில் 2024-ல் மீரட் தொகுதியில் வென்றார். சினிமா முகம் அரசியல் முகமாவது எப்படி என்று தமிழர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-லேயே இதை எழுதினார்கள். திரையில் ஒருவர் நேராக நம் கண்ணைப் பார்த்துப் பேசினால், திரும்பத் திரும்ப வந்தால், அவரோடு நமக்கு ஓர் ஒருதலைப் பழக்கம் உண்டாகிறது. நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. ‘ஹாய் மக்களே’ என்று தினமும் உங்களை வரவேற்கும் யூடியூபரின் பேச்சு, முகம் தெரியாத ஒரு நிபுணரின் கட்டுரையைவிட நம்பகமாகப் படுவது இதனால்தான். அவர் சொல்லும் பங்குச் சந்தை டிப்ஸை நம்பிப் பணம் போடும்போது இது வெறும் தத்துவப் பிரச்சினை இல்லை.

அப்போ திரை என்றாலே கெடுதல்தானா?

இல்லை. திரை நம் ‘நடைமுறை’யை மாற்றுவது நல்ல திசையிலும் நடக்கும். பொருளாதார ஆய்வாளர்கள் ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலக் கிராமங்களை 2001 முதல் 2003 வரை ஆராய்ந்தார்கள். கேபிள் டிவி புதிதாக வந்த ஊர்களில் ஒரு மாற்றம் தெரிந்தது. ‘கணவன் மனைவியை அடிப்பது சரி’ என்று ஏற்கும் பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியது.

அந்தப் பெண்கள் பார்த்தது பாடம் நடத்தும் நிகழ்ச்சிகளை அல்ல, பெரும்பாலும் சீரியல்களை. நகரத்தில் வேலைக்குப் போகும், தானே முடிவெடுக்கும் பெண்களைத் திரையில் பார்க்கப் பார்க்க, ‘இப்படியும் வாழலாம்’ என்பது கற்பனையில் இருந்து சாத்தியமாக மாறியது. திரையின் பலம் இதுதான். எது இயல்பு, எது நடக்கக்கூடியது என்ற நம் அளவுகோலையே அது நகர்த்துகிறது. அதே பலம் எதிர்த் திசையில் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை 2018 காட்டியது.

வெட்டப்பட்ட சில விநாடிகள்

2018 கோடையில் இந்தியாவின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றியது. தெருவில் சிறுவர்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு சிறுவனை அப்படியே தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். சிசிடிவி காட்சி போலவே இருக்கும். ‘குழந்தை கடத்தும் கும்பல் நம்ம ஊருக்கும் வந்துடுச்சு, உஷார்’ என்ற குரலும் எழுத்தும் அந்தந்த ஊர் மொழியில் சேர்ந்துகொண்டன.

அந்தக் காட்சி இந்தியாவில் எடுத்ததே இல்லை. பாகிஸ்தானின் கராச்சியில், காணாமல்போகும் குழந்தைகளைப் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்த எடுக்கப்பட்ட விளம்பரப் படம் அது. மூல வீடியோவில், பைக்கில் போனவர்கள் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடுவார்கள். பிறகு விழிப்புணர்வு வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். இந்தியாவில் சுற்றிய பதிப்பில் அந்தக் கடைசி விநாடிகள் மட்டும் இல்லை. குழந்தைகளைக் காப்பாற்றச் சொன்ன படம், வால் வெட்டப்பட்டதும் கொலைக்குத் தூண்டும் படமாகிவிட்டது.

அந்த வீடியோவும் அதைச் சுற்றிய வதந்திகளும் பரவிய மாதங்களில் நடந்தவை இவை. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், கோயிலுக்குச் செல்ல உறவினர்களோடு காரில் வந்த 65 வயதுப் பெண், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் பெங்களூருவில், ராஜஸ்தானில் இருந்து வந்திருந்த 26 வயது இளைஞர் கொல்லப்பட்டார். ஜூனில் அசாமின் கார்பி ஆங்லோங்கில் இரண்டு இளைஞர்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில், ஊர் ஊராகச் சென்று யாசகம் பெற்று வாழும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர். அந்த ஆண்டில் இப்படி இறந்தவர்கள் நாடு முழுக்க இருபதுக்கும் அதிகம்.

கவனியுங்கள். அடித்தவர்களில் யாரும் அந்த ஊரில் ஒரு குழந்தை கடத்தப்பட்டதைப் பார்த்திருக்கவில்லை. ஆனால் ‘பார்த்திருந்தார்கள்’. கண்ணால் கண்ட ஆபத்துக்கு எப்படி எதிர்வினை செய்வார்களோ, அப்படியே செய்தார்கள். இன்னும் கொடுமை, சில தாக்குதல்களை அங்கேயே நின்றவர்கள் போனில் பதிவுசெய்தார்கள். அவையும் புதிய வீடியோக்களாகச் சுற்றின.

அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் ‘ஃபார்வர்டு’ என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடும் வந்தது. பலமுறை ஃபார்வர்டு ஆனவற்றுக்கு 2020 ஏப்ரலில் இருந்து ஒரு நேரத்தில் ஒரு சாட் மட்டுமே. உங்கள் போனில் தெரியும் அந்த இரட்டை அம்புக்குறிக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

உண்மையான காட்சி, பொய்யான கேப்ஷன்

2023 மார்ச் மாதம் இது வேறு வடிவில் வந்தது. ‘தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள்’ என்ற பெயரில் வீடியோக்கள் வட இந்தியாவில் பரவின. காட்சிகளில் அடிதடி இருந்தது நிஜம்தான். ஆனால் அவை தொடர்பில்லாத பழைய சம்பவங்கள் என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. ஒன்று, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். இன்னொன்று, உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு.

விளக்கம் வருவதற்குள் பயம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. பிகாரில் இருந்து பெற்றோர் போன் போட்டு ‘உடனே கிளம்பி வா’ என்றார்கள். பலர் ரயில் ஏறினார்கள். பிகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. திருப்பூரிலும் கோவையிலும் தொழில் நடத்துபவர்கள் ஆள் இல்லாமல் போகுமோ என்று கவலைப்பட்டார்கள்.

இரண்டு சம்பவங்களிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. எதிலும் ஏஐ இல்லை, டீப்ஃபேக் இல்லை. நிஜக் கேமராவில் எடுத்த காட்சிகள். ஒன்றில் முடிவு வெட்டப்பட்டது, மற்றொன்றில் இடமும் காரணமும் மாற்றப்பட்டன. அவ்வளவே போதுமாக இருந்தது.

ஏஐ வந்தபிறகு என்ன மாறியது?

2020 டெல்லி தேர்தலின்போது பாஜகவின் மனோஜ் திவாரி, தான் பேசாத ஹரியான்வி மொழியில் பேசுவது போன்ற வீடியோ கட்சி சார்பிலேயே வெளியானது. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திய வீடியோ பரவி, நாடு முழுக்க விவாதமானது. 2024 ஜனவரியில் மறைந்த கருணாநிதி, டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு நிகழ்ச்சியில் ஏஐ உருவில் தோன்றி வாழ்த்தினார். ஒன்று பிரசாரம், ஒன்று அத்துமீறல், ஒன்று அஞ்சலி. தொழில்நுட்பத்தின் அடிப்படை ஒன்றுதான்.

முன்பு, ஏதோ ஒன்று கேமராவுக்கு முன் நடந்தாக வேண்டும் என்ற குறைந்தபட்ச உத்தரவாதமாவது இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அதோடு இன்னொரு ஆபத்து சேர்ந்துகொண்டது. உண்மையான வீடியோவில் மாட்டிக்கொண்டவரும் ‘அது ஏஐ’ என்று சொல்லித் தப்பிக்கலாம். எல்லாவற்றையும் நம்புவது எவ்வளவு ஆபத்தோ, எதையும் நம்பாமல் போவதும் அவ்வளவு ஆபத்து. ஒரு அத்துமீறலைத் துணிந்து படமெடுத்து வெளியிடும் சாமானியரின் ஒரே ஆயுதத்தை அது பறித்துவிடும்.

நீதிமன்றம் வீடியோவை எப்படிப் பார்க்கிறது?

இங்கேதான் சட்டம் நமக்கு ஒரு நல்ல வழி காட்டுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பதற்கான நிபந்தனைகளைச் சொல்கிறது. எந்தக் கருவியில் பதிவானது, அது யார் பொறுப்பில் இருந்தது, நகல் எப்படி எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியையும், நிபுணர் ஒருவர் இன்னொரு பகுதியையும் நிரப்ப வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ‘ஹாஷ்’ மதிப்பும் அதில் குறிக்கப்பட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் கீழும் இத்தகைய சான்றிதழ் அவசியம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதிசெய்திருந்தது.

இத்தனைக்கும் பிறகு அந்த வீடியோ கோர்ட்டுக்குள் நுழையத்தான் அனுமதி. அது எதை நிரூபிக்கிறது என்பது தனி விசாரணை. அதாவது நீதிமன்றம் வீடியோவை நிராகரிப்பதில்லை. ஆனால் அதைக் ‘கண்’ணாகவும் எடுத்துக்கொள்வதில்லை. குறுக்கு விசாரணை செய்யவேண்டிய ஒரு சாட்சியாகவே நடத்துகிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு வீடியோவுக்கும் சான்றிதழ் கேட்க முடியாது. ஆனால் கோபமோ பயமோ வரவைக்கும் வீடியோ ஒன்று வரும்போது, பகிர்வதற்கு முன் இவற்றைச் செய்யலாம்.

1. முதலும் முடிவும் எங்கே என்று கேளுங்கள். இந்தக் காட்சி தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பும், முடிந்து ஒரு நிமிடம் பின்பும் என்ன நடந்திருக்கலாம்? தெரியாது என்றால், உங்களிடம் இருப்பது ஒரு துண்டு மட்டுமே.

2. ஒலியை அணைத்து ஒருமுறை பாருங்கள். பின்னணி இசையும் குரலும் போனபிறகு காட்சியில் நிஜமாக என்ன மிஞ்சுகிறது? கேப்ஷன் சொல்வது காட்சியில் இருக்கிறதா?

3. ஸ்லோ மோஷனில் இருந்தால், சாதாரண வேகத்தில் அது எத்தனை விநாடி என்று யோசியுங்கள்.

4. ஓரங்களைப் பாருங்கள். கடைப் பலகையின் மொழி, வண்டி நம்பர் பிளேட், போலீஸ் சீருடை, மழையா வெயிலா. சொல்லப்படும் ஊரோடு பொருந்துகிறதா?

5. முக்கியமான ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். பழைய காட்சி என்றால் பெரும்பாலும் சிக்கிவிடும். யூடர்ன், ஆல்ட் நியூஸ், பூம் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்கள் ஏற்கெனவே விளக்கம் எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

வீட்டுக் குழுவில் வந்தால்? பெரியவர் அனுப்பியதை எல்லோர் முன்னாலும் ‘ஃபேக்’ என்று போட்டு உடைத்தால், அவர் வீடியோவை விட்டுவிட்டுத் தன் மரியாதையைக் காப்பாற்றப் போராடுவார். தனியாக ஒரு போன் போடுங்கள். ‘பெரியப்பா, நீங்க அனுப்பின வீடியோ அஞ்சு வருஷம் பழசு, வேற ஊர்ல நடந்தது. லிங்க் அனுப்பியிருக்கேன், நீங்களே குரூப்ல சொல்லிடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். பல வீடுகளில் இது வேலை செய்யும்.

கடைசியாக, பேச்சில் ஒரு சின்ன மாற்றம். ‘நானே வீடியோவுல பார்த்தேன்’ என்று வாயில் வரும்போது, ‘ஒரு வீடியோவுல அப்படிக் காட்டினாங்க’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். சொன்ன அடுத்த நொடியே எதிரில் இருப்பவர் கேட்பார்: ‘யார் காட்டினா?’

அத்திமூரிலும் ரெயின்பாடாவிலும் யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.